எறியீட்டிக்கு முனை தேர்ந்தெடுத்தல்: பழைய மாதிரிகளை எறிந்து பழகுவோருக்கு

கிரேக்கரும் ரோமானியரும் வடக்கு ஐரோப்பியரும் எறிந்த ஈட்டிகளின் இரும்பு முனைகளை அதே வடிவில் செய்து விற்கும் பட்டறைகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. பழங்காலப் போர்களை நடித்துக் காட்டும் குழுக்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாங்கும் கவசங்களிலும் ஆயுதங்களிலும் கணிசமானவை மீரட்டின் டீபீகா, டேராடூனின் விண்ட்லாஸ் போன்ற இந்திய நிறுவனங்களில் உருவானவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் இம்முனைகளை வாங்குவோரில் பெரும்பாலோர் அவற்றை எறிவதில்லை. சுவரில் மாட்டுகிறார்கள், அல்லது அணிவகுப்பில் ஏந்திச் செல்கிறார்கள். அதனால், விற்பனைப் பக்கத்தில் கண்ணைக் கவரும் முனை எறிவதற்கு ஒத்துவருவது அரிது. எறிபவருக்கு வேண்டியது பார்வைக்கு மிகச் சாதாரணமான ஒன்று: எடை குறைந்த, ஒடுங்கிய, விளிம்பு மழுங்கிய, தண்டு ஆழமாக உள்ளே சென்று அமரும் குழலுடைய முனை.

எடையிலிருந்து தொடங்குவோம். குத்தீட்டி கையை விட்டு நீங்குவதில்லை. அதன் முனை அரைக் கிலோ இருந்தாலும் இரு கைகளால் பிடித்துச் சமாளித்துவிடலாம். எறியீட்டியோ கையை விட்ட பிறகு தன் எடைப் பங்கீட்டை மட்டுமே நம்பிப் பறக்கிறது. அதன் சமநிலைப் புள்ளி, அதாவது ஒரு விரல் மேல் வைத்தால் இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடம், முனையின் நுனியிலிருந்து மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் ஐந்தில் இரண்டு பங்குக்கும் இடையே விழுந்தால் ஈட்டி நன்றாகப் பறந்து நுனி முதலில் படுமாறு இறங்கும். இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய கணக்கன்று. இன்றைய ஆண்கள் போட்டி ஈட்டி 800 கிராம் எடையும் 2.6 முதல் 2.7 மீட்டர் நீளமும் கொண்டது. அதன் சமநிலைப் புள்ளி நுனியிலிருந்து 90 முதல் 106 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். அக்கால ஈட்டிகள் பல வேளைகளில் தட்டையாக விழுந்து, நுனி பட்டதா இல்லையா என்ற தகராறையும் கிளப்பின. 1986-இல் ஆண்கள் ஈட்டியின் சமநிலைப் புள்ளியை 4 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினார்கள்; எறிதூரம் குறைந்தது, நுனி ஒழுங்காகக் குத்தி இறங்கத் தொடங்கியது. நீரஜ் சோப்ரா டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றது இந்தப் புதிய வகை ஈட்டியால்தான். வெறும் 4 சென்டிமீட்டர் இவ்வளவு செய்யும் என்றால், கடையில் எடை பார்க்காமல் முனை வாங்குவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1.8 மீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட ஆஷ் மரத் தண்டு ஏறக்குறைய 385 கிராம் இருக்கும். அதில் 20 சென்டிமீட்டர் நீளமும் 150 கிராம் எடையும் உள்ள முனையைப் பொருத்தினால், சமநிலைப் புள்ளி நுனியிலிருந்து சுமார் 77 சென்டிமீட்டரில் விழும். அது மொத்த நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. அதே தண்டில் 300 கிராம் முனையைப் பொருத்தினால் புள்ளி 62 சென்டிமீட்டருக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று முன்னால், நகர்ந்துவிடும். இதற்கு மேலும் எடை கூடினால் ஈட்டி கையை விட்டதுமே தலை கவிழ்ந்து அருகிலேயே விழும். எனவே ஆள் உயரமுள்ள தண்டுக்கு 120 முதல் 250 கிராம் வரையிலான முனை போதும். 400, 500 கிராம் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் குத்தீட்டியின் முனை. விற்பவர் அதை எறியீட்டி என்று அழைத்தாலும் அப்படித்தான். எடையே குறிப்பிடாத கடைக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடையைப் பாருங்கள்.

அடுத்தது வடிவம். முதல் முனையாக நான் பரிந்துரைப்பது குறுகிய இலை வடிவமோ, நான்கு பக்கமும் சரிந்து கூராகும் கூம்பு வடிவமோதான். அகலம் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட முனை வைக்கோல் கட்டிலும் மண் திட்டிலும் சுலபமாக நுழைகிறது. அதைவிட முக்கியமாக, சுலபமாக வெளியே வருகிறது. அகன்ற இலை வடிவம் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் வைக்கோலில் பாதி ஆழம்கூடப் போகாது. பக்கவாட்டுக் காற்றும் அதைத் திருப்பும். சிறிய எறியீட்டிகளுக்கு ரோமானியர் வைத்திருந்த அளவுகளைப் பிற்கால ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ் எழுதி வைத்திருக்கிறார்: பெரியதற்கு ஐந்தரை அடித் தண்டும் ஒன்பது அங்குல முப்பட்டை முனையும், வெரூட்டம் எனப்பட்ட சிறியதற்கு மூன்றரை அடித் தண்டும் ஐந்து அங்குல முனையும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இவ்விரண்டில் பெரியதன் அளவு மிகப் பொருத்தமானது. மூன்றரை அடித் தண்டு கையை விடும் கணத்தில் சிறிது பிசகினாலும் தள்ளாடும்.

முள் வைத்த முனைகளைப் பற்றியும் கேட்பார்கள். டென்மார்க்கின் இல்லெரூப் சதுப்பில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுப் படைக்கலங்களில் வீரர்கள் ஒரு குத்தீட்டியையும் முள் வைத்த ஓர் எறியீட்டியையும் இணையாக வைத்திருந்தது தெரிகிறது. இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939-இல் தோண்டப்பட்ட கப்பல் புதைகுழியிலும் ஆங்கோன் எனப்படும் நீண்ட இரும்புக் கழுத்தும் முள்முனையும் கொண்ட மூன்று ஈட்டிகள் கிடைத்தன. பிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் ஆங்கோனை வருணித்த ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அகத்தியாஸ், அது கேடயத்தில் தைத்துவிட்டால் எதிரியால் பிடுங்கவும் முடியாது, இரும்பு போர்த்தியிருப்பதால் வெட்டவும் முடியாது என்றும், தரையில் இழுபடும் தண்டை மிதித்துக் கேடயத்தைக் கீழே இறக்கிவிடுவார்கள் என்றும் சொல்கிறார். கழற்ற முடியாமை அதன் நோக்கம். அதே குணம் பொழுதுபோக்காளருக்குத் தலைவலி: ஒவ்வோர் எறிக்குப் பிறகும் இலக்கைக் கிழித்துத்தான் முனையை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். சேகரிப்புக்காக வாங்குவதில் தவறில்லை. தினமும் எறிய வேண்டாம்.

எல்லோரும் விரும்புவது பீலம் எனப்படும் ரோமானியரின் கனத்த எறியீட்டி. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் அதிகம் வீணாவது அதில்தான். பீலம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுடையது. அதில் 60 முதல் 90 சென்டிமீட்டர் வரை மெல்லிய இரும்புக் கழுத்து, அதன் நுனியில் சிறிய நாற்பட்டைக் கூம்பு. கூம்பு கேடயத்தில் போடும் துளை கழுத்தைவிடப் பெரியது. அதனால் கழுத்து உராய்வில்லாமல் பின்னாலேயே நுழைந்து கேடயத்துக்குப் பின்னால் நிற்பவரையும் எட்டும். கி.மு. 58-இல் ஹெல்வேட்டியர் என்ற கெல்ட்டிய இனத்தாருடன் நடந்த போரை எழுதும்போது சீசர், ஒரே பீலம் இரண்டு கேடயங்களைச் சேர்த்துத் தைத்ததையும், இரும்பு வளைந்துகொண்டதால் பிடுங்க முடியாமல் பலர் கேடயத்தையே எறிந்துவிட்டதையும் குறிப்பிடுகிறார். ரோமானியத் தளபதி மாரியஸ் கழுத்தைத் தண்டோடு பிணைத்த இரண்டு இரும்பாணிகளில் ஒன்றை எடுத்துவிட்டு மரமுளை வைத்தார் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். மோதியதும் முளை முறிந்து, தண்டு தொங்கிவிடும்.

இக்கதைகளைப் படித்துவிட்டு வளையும் பீலம் வேண்டும் என்று தேடுவோர் உண்டு. எறிந்து பழகுவதற்கு அது வேண்டவே வேண்டாம். மென்மையான இரும்பில் செய்த கழுத்து, கடினமான தரையில் சாய்வாக விழும்போது பின்னாலிருக்கும் தண்டின் எடையாலேயே வளையும். அதைக் குளிர்ந்த நிலையில் மரக்கட்டை மீது வைத்துத் தட்டி நிமிர்த்தலாம்தான். ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் இரும்பு அவ்விடத்தில் விறைத்துக் கடைசியில் விரிசல் விடும். எனவே, கழுத்து குறைந்தது 8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள, 60 சென்டிமீட்டரைத் தாண்டாத பீலத்தை வாங்குவது நல்லது. பொருத்தும் முறையையும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் டார்ட்மண்டுக்கு அருகே, கி.மு. 11 முதல் 8 வரை இயங்கிய ஓபராடன் படைமுகாமில் மரத்தோடு சேர்ந்தே கிடைத்த பீலங்களில் கழுத்தின் அடிப்பகுதி தட்டையான பட்டையாக விரிந்து, மரக்கட்டைக்குள் சொருகி, ரிவெட் ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. கட்டையின் மேல்வாயில் இரும்புப் பூண் ஒன்றும் உண்டு. மலிவான நகல்களில் இந்தப் பூண் வெறும் அலங்காரமாகவே இருக்கும். கட்டையை அது இறுக்கிப் பிடிக்காவிட்டால் சில எறிகளிலேயே மரம் ஆணித்துளையின் வழியே பிளந்துவிடும். எல்லாம் சரியாக அமைந்தாலும் முழு பீலம் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கனத்த ஆயுதம். முப்பது மீட்டரை எட்டுவதே பெரிய விஷயம். தூரம் எறிய ஆசைப்படுபவர் இதைத் தொடாமலிருப்பதே நல்லது.

ரோமானியரிடமே இதற்கு நேர்மாறான ஆயுதம் ஒன்று இருந்தது. வேலைட்டஸ் எனப்பட்ட இலகுரகக் காலாட்படையினரின் ஈட்டிக்கு இரண்டு முழ நீளத்தில், விரல் பருமனில் தண்டும், ஒரு சாண் நீளத்தில் முனையும் இருந்தன என்றும், முதல் மோதலிலேயே வளைந்து எதிரி திருப்பி எறிய முடியாதபடி அம்முனை அவ்வளவு மெல்லியதாக அடிக்கப்பட்டது என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். ஒரு முறை எறிந்து விட்டுவிடுவதற்காகச் செய்த பொருள் அது. அதன் அளவை நகலெடுக்கலாம், மெல்லிய இரும்பை நகலெடுக்கக் கூடாது. பிற்காலத்தில் வந்த ஈயக் குண்டு வைத்த, கையால் எறியும் பிளம்பாட்டா என்ற குட்டி ஈட்டிகளும் விற்கப்படுகின்றன. ஐந்தைக் கேடயத்தின் உட்புறம் செருகி வைத்திருப்பார்கள். அவை வேறு கை வாகைக் கேட்பவை. ஈயத்தைத் தொட்ட பின் கையைக் கழுவ வேண்டும் என்பதோடு அவற்றை விட்டுவிடுகிறேன்.

முனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழல் மோசமானால் எல்லாம் வீண். தண்டு நுழையும் அந்தக் கூம்புக் குழல் எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான் நல்ல முனையையும் அலங்கார முனையையும் பிரிக்கும் முதல் அடையாளம். பழைய முறையில் ஒரே இரும்புத் துண்டின் அடிப்பகுதியை விசிறிபோல் தட்டி விரித்து, சுருட்டிக் குழலாக்குவார்கள். இரு ஓரங்களும் சந்திக்கும் கோடு பக்கவாட்டில் தெரியும். அந்தப் பிளவைக் குறையாகக் கருத வேண்டாம். மலிவான முறையில் தகட்டில் வெட்டிய அலகை ஒரு குழாயோடு வெல்டிங் செய்துவிடுவார்கள். எறிந்து மோதும்போது வரும் அதிர்வு முழுவதும் அந்த ஒரே இணைப்பில் இறங்கும். அலகும் குழலும் சேரும் கழுத்தில் சுற்றிலும் புடைத்த வளையமோ, அரைத்து மறைத்த பளபளப்போ தெரிந்தால் அங்கே வெல்டிங் இருக்கிறது என்று கொள்ளலாம். குழலின் உள்விட்டம் வாயில் 19 முதல் 22 மில்லிமீட்டரும் ஆழம் குறைந்தது 6 சென்டிமீட்டரும் இருக்கட்டும். 25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வாய் தடித்த தண்டைக் கேட்கும். தண்டு தடித்தால் மேலே போட்ட எடைக் கணக்கு மாறிவிடும்.

முனை கையில் கிடைத்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. தண்டின் நுனியைப் பென்சிலைப்போல் நீளமான கூம்பாகச் சீவி, குழலின் உட்புறம் விளக்குக் கரியைத் தடவி, தண்டைச் செருகித் திருகாமல் நேராக வெளியே இழுங்கள். மரத்தில் கரி ஒட்டிய இடங்கள்தாம் இரும்பைத் தொடுபவை. அவ்விடங்களை மட்டும் மெல்லச் சீவி மீண்டும் செருக வேண்டும். கூம்பு முழுவதும் சீராகக் கரி படியும் வரை இதைப் பொறுமையாகச் செய்தால், மோதலின் விசை மரத்தின் முழுப் பரப்பிலும் பகிர்ந்து இறங்கும். வாயில் மட்டும் கரி ஒட்டி உள்ளே மரம் வெள்ளையாக இருந்தால், முனை ஆடத் தொடங்கி, தண்டு சரியாகக் குழல் வாயிலேயே முறியும். பிறகு தண்டை மேசை மீது உருட்டிப் பாருங்கள். முனையின் நுனி வட்டமடித்தால் அச்சு கோணலாக இருக்கிறது. மரத்தைச் சீவித் திருத்தியும் நேராகாவிட்டால் குழலே கோணல். முனையைத் திருப்பி அனுப்பிவிடுவதுதான் வழி.

இறுக்குவதற்கு ஒரே ஒரு சிறிய ஆணி போதும். எபாக்சி பசையை நான் விரும்புவதில்லை. எறியீட்டியில் அடிக்கடி முறிவது தண்டு. முறிந்த மரத்தைக் குழலிலிருந்து எடுக்க எபாக்சி விடாது. கத்திப் பிடிகளில் ஊற்றுகிறார்களே, அந்த அரக்கை உருக்கி ஊற்றினால் பிடிப்பும் கிடைக்கும், சூடு காட்டினால் இளகி வழியும் விடும்.

இரும்பு எது என்பதில் விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். எறிவதற்கு மைல்டு ஸ்டீல் போதும். நுனி மழுங்கும், சற்று வளையும், ஆனால் தெறிக்காது, அரத்தால் சரிசெய்துகொள்ளலாம். சுருள்வில் எஃகில் செய்து சரியாகத் தோய்ச்சல் போட்ட, அதாவது காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்கிய, முனை இன்னும் நெடுநாள் உழைக்கும். அஞ்ச வேண்டியது அளவுக்கு மீறித் தோய்ச்சல் ஏறிய முனையை. கல்லில் பட்டால் நுனி ஒடிந்து தெறிக்கும். ஒரு சாதாரண அரத்தை விளிம்பில் இழுத்துப் பாருங்கள்: அரம் கொஞ்சமாவது கடித்துத் தூள் எடுத்தால் நல்லது, கண்ணாடி மேல் வழுக்குவதுபோல் வழுக்கினால் அது எறிவதற்கு ஆகாது. துத்தநாகக் கலவையில் வார்த்தெடுத்த முனைகளை எறியவே கூடாது. அரிவாளுக்கு லாரிப் பட்டையை அடிக்கும் உள்ளூர்க் கொல்லரிடம் அளவையும் எடையையும் எழுதிக் கொடுத்து ஒரு முனை செய்யச் சொல்வதும் நல்ல வழி. குழல் சுருட்டத் தெரிந்தவரா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விளிம்பு தீட்டப்பட்டிருக்கத் தேவையே இல்லை. இலக்கில் நுழைவது நுனியின் வேலை. விளிம்பின் கூர்மை ஈட்டியைப் பிடுங்கும்போது உங்கள் விரலை மட்டுமே அறுக்கும். நுனியும் ஒரு மில்லிமீட்டர் உருட்டப்பட்டிருந்தால் வைக்கோலில் நுழைவது குறையாது, கல்லில் பட்டு மடங்குவது குறையும்.

தண்டுக்கு ஐரோப்பாவில் ஆஷ் மரமே பெரும்பாலும் பயன்பட்டது. நேரான நார் உள்ளது, அதிர்வைத் தாங்குவது. நம் ஊரில் அது அரிது என்பதால் சிலம்பக் கழிக்கு எடுக்கும் கெட்டியான கல்மூங்கிலை நாடலாம். எடை சற்று மாறும் என்பதால் முனை வாங்குவதற்கு முன்பே தண்டை எடை போட்டுக்கொள்வது நல்லது. குழலுக்குள் போகும் பகுதியில் கணு ஒன்று அமையுமாறு வெட்ட வேண்டும்; உள்ளே பொள்ளல் இருந்தால் மரமுளை அடித்து நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் மூங்கில் நசுங்கிப் பிளக்கும். கடையில் கிடைக்கும் உருளைக் கட்டைகளில் நார் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் அதே சாய்வில் முறியும். தண்டின் அடியில் இரும்பு முள் பொருத்துவது குத்தீட்டிக்கு உரியது. எறியீட்டியில் அது சமநிலைப் புள்ளியைப் பின்னுக்கு இழுப்பதோடு, எறிபவரின் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கூரையும் கொண்டுவருகிறது.

கிரேக்கர் ஐந்துபோட்டியில் எறிந்த ஈட்டியில் சமநிலைப் புள்ளிக்கருகே ஒரு தோல் வாரைச் சுற்றி, அதன் கண்ணியில் ஒன்றிரண்டு விரல்களை நுழைத்து எறிந்தார்கள். வார் கையை நீளமாக்குகிறது. சுற்று அவிழும்போது ஈட்டி தன் அச்சில் சுழன்று நேராகப் பறக்கிறது. இம்முறையில் எறிய விரும்புபவர் 100 முதல் 150 கிராம் முனையோடு நின்றுகொள்ள வேண்டும், கனத்த முனையில் வாரின் பலன் தெரியாது.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட ஆயுதங்களின் பட்டியலில் ஈட்டியையும் எறியீட்டியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. மேலே பரிந்துரைத்த குறுகிய, சிறிய அலகு இந்த அளவுக்குள் அடங்கும் என்பது கூடுதல் வசதி; ஆனாலும் பொது இடத்தில் ஏந்திச் செல்வது வேறு விஷயம் என்பதால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வேறு நாடுகளில் இருப்பவர் அந்நாட்டு விதிகளைப் பார்க்க வேண்டும். எடுத்துச் செல்லும்போது முனைக்குத் தடித்த தோலுறை கட்டாயம்.

எறியும் இடத்தில் ஈட்டி வரக்கூடிய திசையில் யாரும் நிற்கக் கூடாது, எல்லோரும் எறிந்து முடித்த பிறகே எடுக்கப் போக வேண்டும் என்பன எல்லோரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஆபத்து, தரையில் சாய்ந்து குத்தி நிற்கும் ஈட்டியின் பின்நுனி. ஓடிப்போய் எடுப்பவரின் கண் உயரத்தில் அது நிற்கும். பக்கவாட்டில் நடந்து போய், முனைக்கு அருகில் பிடித்து, நுழைந்த கோட்டிலேயே இழுக்க வேண்டும். மரத்தை இலக்காக்க வேண்டாம். ஈட்டி திரும்பித் தெறிக்கும், மரமும் கெடும். இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டு, கல்லில்லாத மண் திட்டு இரண்டும் போதும்.

ஒவ்வொரு நாளும் எறிந்து முடித்ததும் மண்ணைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசி வையுங்கள். கடலோர ஊர்களில் ஓரிரவிலேயே துரு பிடித்துவிடும். துடைக்கும்போதே கழுத்தையும் குழல் வாயையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தால் அம்முனையை அன்றோடு எறியாமல் விட்டுவிட வேண்டும். விரிசல் மேல் வெல்டிங் வைத்தால் அதன் பக்கத்து இரும்பு தோய்ச்சல் இழந்து, அடுத்த முறிவு அங்கிருந்தே தொடங்கும்.